குழலுக்கு அந்தப் பக்கம்

முதல் துப்பாக்கியின் குழலுக்குள் மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று தெரிந்தது. மைத்ரேயி அதைத் துரு என்று நினைத்தாள்.

பழைய ரிவால்வரை மதிப்பிடுகிற எவரும் செய்வதைத்தான் அவளும் செய்துகொண்டிருந்தாள். குண்டுகள் நிற்கும் உருளையைக் கழற்றி வைத்துவிட்டு, குழலின் பின்புறத் துளையில் கண்ணை ஒட்டி, முன்வாயை வெளிச்சத்தின் பக்கம் நீட்டிப் பார்ப்பது. உள்ளே திருகிச் செல்லும் புரிகள் பளபளப்பாக இருந்தால் ஒரு விலை, துரு தின்றிருந்தால் வேறு விலை. சென்னையில் ஓர் ஏல நிறுவனத்தில் பழம்பொருள்களுக்கு விலை வைக்கும் வேலையில் பல வருஷம் இருந்தவளுக்குத் துரு எப்படி இருக்கும் என்று தெரியும். துரு குழலின் சுவரில் ஒட்டியிருக்கும். இந்தக் கோடு சுவரில் இல்லை. மறுகோடியில், வெளிச்ச வட்டத்தின் நடுவில், நெட்டுக்குத்தாக நின்றது.

துணி சுற்றிய கம்பியை உள்ளே விட்டு இழுத்தாள். துணி வெள்ளையாகவே திரும்பி வந்தது. மறுபடி பார்த்தாள். கோடு அப்படியே இருந்தது.

"என்னக்கா, அதையே பார்த்துண்டிருக்கே?" என்றான் பிரஹலாத், கட்டிலிலிருந்து.

"ஒண்ணுமில்லைடா. உன் பக்கமா நீட்டறேனேன்னு பயப்படாதே. உள்ளே ஒண்ணும் கிடையாது. வெளிச்சம் அங்கேதான் இருக்கு."

வாசலிலிருந்து கொல்லை வரை ரயில் பெட்டிகள் போல அறைக்குப் பின் அறையாக நீண்டுகொண்டே போகும் ஸ்ரீரங்கத்து வீடு அது. நடுவில் இந்தக் கூடம். கூடத்தின் ஒரு கோடியில் அவர்களுடைய சித்தப்பா சேஷுவின் மேஜையும் பிரம்பு நாற்காலியும். மறுகோடியில் கொல்லையைப் பார்த்த ஜன்னல், அதன் அடியில் இரும்புக் கட்டில், கட்டிலில் தம்பி. ஐப்பசி மழை காலையிலிருந்து ஒரே சீராகக் கொட்டிக்கொண்டிருந்தது. கொள்ளிடத்தில் தண்ணீர் ஏறுகிறது, அப்புறம் பஸ் நிற்காது என்று சொல்லிவிட்டு, பிரஹலாதைப் பார்த்துக்கொள்ளும் அமிர்தம் மத்தியானமே துறையூருக்குக் கிளம்பிப் போய்விட்டாள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சிய வாசனை, டெட்டால் வாசனை, துப்பாக்கிகளுக்குப் போடும் எண்ணெயின் வாசனை எல்லாம் கூடத்தில் கலந்து நின்றன. அவற்றுக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. நெடுநாள் பூட்டிய டிரங்குப் பெட்டியைத் திறந்ததும் முகத்தில் அடிக்குமே, அது மாதிரி. இந்த வீட்டில் அப்படி எந்தப் பெட்டியும் இல்லை.

சேஷு சித்தப்பா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ரயில்வேயில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய ரிவால்வர்களைத் தேடித் தேடி வாங்குவது ஒன்றுதான் அவருக்கு உலகம். போன மாதம் இந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தபடி இறந்துபோனார். எல்லாவற்றையும் பிரஹலாதுக்கு எழுதிவைத்திருந்தார். உரிமம் அவர் பெயரில் இருந்ததால், துப்பாக்கிகளை உடனே ஓர் அங்கீகாரம் பெற்ற கடையில் ஒப்படைக்கும்படி போலீஸில் சொல்லிவிட்டார்கள். திருச்சியில் கடை வைத்திருக்கும் நிஜாமுதீன் பாய் சாயங்காலம் வேனில் வந்து எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. அதற்குள் ஒவ்வொன்றும் எது, எந்த ஊர்க்காரன் செய்தது, என்ன பெறும் என்று அவள் பார்த்துவிட வேண்டும். நல்ல விலைக்குப் போனால் பிரஹலாதை வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம். பைக்கிலிருந்து விழுந்து முதுகெலும்பு நொறுங்கியவனுக்கு திருச்சியில் கம்பி வைத்துத் தைத்து, சித்தப்பா வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். இடுப்புக்குக் கீழே இன்னும் உயிர் வரவில்லை. நாலு பேராகப் பலகைபோலத் தூக்கினால் ஒழிய அவனை அசைக்கவே கூடாது என்பது டாக்டரின் கட்டளை.

"சீக்கிரம் முடிச்சுடுக்கா," என்றான் அவன். "இதெல்லாம் போயிட்டா தேவலை."

"ஏண்டா?"

ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அடுத்ததை எடுத்தாள். இங்கிலாந்துக் கம்பெனி ஒன்றின் ரிவால்வர், வெப்ளி. மேலிருந்த கொண்டியை அழுத்தினால் நடுவில் ஒடிந்து திறந்துகொள்ளும் வகை. பர்மிங்காம் முத்திரை தெளிவாக இருந்தது. துப்பாக்கியின் இரும்புச் சட்டத்திலும் உருளையிலும் ஒரே எண். எதையும் மாற்றிப் போடவில்லை என்பதற்கு அது சாட்சி, விலையை ஏற்றிவிடும். மனம் கொஞ்சம் லேசானது. திறந்த வாக்கிலேயே கண்ணருகே கொண்டுபோய் ஜன்னலை நோக்கினாள்.

கோடு இதிலும் இருந்தது. இப்போது அதற்குத் தோள்கள் இருந்தன.

சட்டென்று இறக்கினாள். ஜன்னல் காலியாக இருந்தது. கம்பிகள், மழை, கொல்லையில் வாழை இலைகள் கிழிந்து ஆடிக்கொண்டிருந்தன. கண் களைத்துவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தாள். மேஜை விளக்கை நோக்கிப் பிடித்துப் பார்த்தாள். புரிகள் வெள்ளிபோல மின்னின, குழல் பளிங்காக இருந்தது. ஜன்னலை நோக்கிப் பிடித்தபோது மட்டும்தான் அது நின்றது.

மூன்றாவது ஒரு பெல்ஜியத் துப்பாக்கி. குழலடியில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் லியேஜ் நகரத்து முத்திரை. அதைப் பார்க்கும்போதுதான் அந்தத் தேய்மானம் கண்ணில் பட்டது. குழலின் பின்வாய்க்கு மேலே, சட்டத்தின் விளிம்பில், நீல மெருகு போய் இரும்பு வெளுத்துக் கண்ணாடிபோல வழவழத்திருந்தது. பொருள் தேய்ந்த விதத்திலிருந்து அதைப் பிடித்த கையைத் தெரிந்துகொள்வது அவள் தொழில். பிடியில் தேயும், விசையில் தேயும், உறையில் செருகிச் செருகி முன்வாய் தேயும். இந்த இடத்தில் எந்த மனிதனும் கை வைக்க மாட்டான். வெப்ளியைத் திருப்பிப் பார்த்தாள். அதிலும் அதே இடம். முதலாவதிலும்.

சித்தப்பாவின் வலது புருவத்துக்கு மேலே ஒரு காய்ப்பு இருக்கும். கறுத்து, தோல் தடித்து. சின்ன வயதில் அடிபட்டது என்று சொல்வார். மைத்ரேயி வெப்ளியைத் தன் புருவத்தில் வைத்துப் பார்த்தாள். வெளுத்த இடம் சரியாக அங்கே பொருந்தியது.

அப்போது போன் அடித்தது. நிஜாமுதீன் பாய்.

"அம்மா, காவேரிப் பாலத்துல வண்டி அப்படியே நிக்குது. ஒரு லாரி குறுக்கே மாட்டிக்கிச்சு. கொஞ்சம் முன்னப் பின்ன ஆகும். பொருள்லாம் எப்படி இருக்கு?"

"நன்னா வெச்சிருக்கார் பாய். ரொம்பச் சுத்தமா."

"சார் அப்படித்தாம்மா. சுடுறது அவருக்குப் புடிக்கவே புடிக்காதும்மா. ஒரு தோட்டா எங்கிட்ட வாங்குனதில்ல. புதுசா ஏதாவது வந்திருக்குன்னு சொன்னா, கம்பெனி கேக்க மாட்டாரு, விலை கேக்க மாட்டாரு. பேரல் வழியா அந்தப் பக்கம் தெளிவா தெரியுமான்னு மட்டும்தான் கேப்பாரு. பழசுல ஒண்ணு மங்க ஆரம்பிச்சா அடுத்தது வேணும்பாரு."

மைத்ரேயி வெப்ளியை மேஜையில் வைத்தாள். "எதுக்குன்னு கேட்டேளா பாய்?"

"ஒருதரம் கேட்டேம்மா. சிரிச்சாரு. 'பார்த்துண்டே இருந்தா நகராது பாய்'னு சொன்னாரு. வயசானவரு, ஏதோ சொல்றாருன்னு விட்டுட்டேன்."

போனை வைத்தபோது தம்பி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீயும் பார்த்துட்டே," என்றான்.

"எதைடா?"

"எனக்குத் தெரியறதில்லை. வாசனைதான் வரும். சித்தப்பா இருந்தவரைக்கும் ஜன்னலண்டைதான் இருந்தது. ராத்திரி பகல்னு இல்லாம அவர் அந்த நாற்காலியில உக்காந்துண்டு துப்பாக்கியை எம்மேல நீட்டிண்டே இருப்பார். மொதல்ல பயந்தேன். அப்புறம் அவர் எடுத்தாத்தான் எனக்குத் தூக்கமே வரும். அவர் போன அன்னிக்குக் கை தானா கீழே விழுந்தது. நான் பார்த்துண்டிருந்தேன். அப்பலேர்ந்து தினம் கொஞ்சம் கிட்ட வரது." அவன் குரல் உடைந்தது. "மருந்து மயக்கம்னு டாக்டர் சொல்றார். இப்ப கால்மாட்டுல இருக்குக்கா. போர்வை ஜில்லுனு இருக்கு."

இல்லை என்று சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள். கை அதற்குள் பெல்ஜியத் துப்பாக்கியைத் தூக்கிவிட்டது.

வட்டத்துக்குள் ஒரு முதுகு. ஆள் உயரம். வெளிச்சத்துக்கு எதிரே நின்றதால் நிறம் தெரியவில்லை. கழுத்து இடப்பக்கம் சாய்ந்திருந்தது, சுவருக்கு அந்தப்புறம் யாரோ பேசுவதைக் காது கொடுத்துக் கேட்பதுபோல. கட்டிலின் கால்மாட்டைப் பார்த்து நின்றது. துப்பாக்கியை இறக்கினால் அங்கே தரையில் மழை வெளிச்சம் மட்டுமே. ஏற்றினால் முதுகு.

அவள் ஓடிப்போய்க் கட்டிலின் தலைமாட்டுக் கம்பியைப் பிடித்து இழுத்தாள். பழைய இரும்பு. தரையைக் கீறிக்கொண்டு ஒரு சாண் நகர்ந்து நின்றுவிட்டது. பிரஹலாத் வலியில் கத்தினான். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள். பாலம் திறந்ததும் வருகிறோம் என்றார்கள். பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தது, அவர்கள் பெங்களூர் போயிருந்தார்கள். வீதியில் போய் ஆள் கூப்பிட வேண்டும். வாசலுக்குப் போக அறை அறையாகக் கடக்க வேண்டும். போய் வரும்வரை இங்கே பார்க்க யாரும் இல்லை.

"அக்கா," என்றான் பிரஹலாத் மெதுவாக. "முட்டிகிட்ட வந்துடுத்து. எனக்குத்தான் அங்கே உணர்ச்சியே கிடையாதே. ஆனா தெரியறது."

நாற்காலிக்கு ஓடினாள். கைக்கு வந்த துப்பாக்கியை எடுத்தாள். வெப்ளி. திறந்தாள். கண்ணை ஒட்டினாள்.

முதுகு கட்டிலின் பக்கவாட்டில் இருந்தது. குனிய ஆரம்பித்திருந்தது.

அவள் பார்த்தாள். இமைக்காமல் பார்த்தாள். அது அசையவில்லை. கண்ணில் நீர் கட்டி, வட்டம் கலங்கி, ஒரே ஒருமுறை இமைத்தாள். குனிந்த முதுகு இன்னும் கொஞ்சம் குனிந்திருந்தது.

அலமாரியில் தோட்டா ஒன்று இருந்தால்கூட என்ன செய்ய முடியும் என்று அந்த நிலையிலும் அவள் புத்தி கணக்குப் போட்டது. சுட வேண்டுமானால் துப்பாக்கியை மூட வேண்டும். மூடினால் தெரியாது. தெரிந்தாலும், அதற்குப் பின்னால் படுத்திருப்பது பிரஹலாத்.

விளக்கு அணைந்தது. மின்விசிறி சுழன்று சுழன்று ஓய்ந்தது. மழைச் சத்தம் திடீரென்று பெரிதாகக் கேட்டது. ஜன்னலில் மிச்சமிருந்த சாம்பல் வெளிச்சமும் கரைந்துகொண்டிருந்தது. வெளிச்சம் போய்விட்டால் குழலுக்குள் ஒன்றுமே தெரியாது.

"பிரஹலாத், உன் போன்ல டார்ச் போடு. என்னைப் பார்த்துப் பிடி. கையை இறக்காதே."

"போட்டேன்."

வெள்ளைப் புள்ளி ஒன்று வட்டத்துக்குள் எரிந்தது. அதற்கு முன்னால் அது. தலையின் விளிம்பு. சாய்ந்த கழுத்து. முடி இல்லாத பின்மண்டை.

"பேசிண்டே இருடா. ஏதாவது சொல்லு."

"அம்மா கையால தயிர் சாதம் சாப்பிடணும் போல இருக்கு." அவன் அழுதுகொண்டிருந்தான். "அக்கா, நீ என்னை விட்டுட்டுப் போயிடாதே."

"போகலைடா. பார்த்துண்டுதான் இருக்கேன்."

வெப்ளி கனத்தது. முழங்கையை மேஜையில் ஊன்றிக்கொண்டாள். புருவத்தில் இரும்பு அழுந்தி அழுந்தித் தோல் எரிந்தது. சித்தப்பா இப்படித்தான் உட்கார்ந்திருப்பார். எத்தனை வருஷம். அந்த ஒரே கண்ணால், யாரிடமும் சொல்லாமல். பிரஹலாத் இங்கே வருவதற்கு முன்னால் அது யாருக்காக நின்றது?

வாசல் கதவு தட்டப்பட்டது.

"அம்மா! நிஜாமுதீன் வந்திருக்கேன்! கதவைத் திறங்க!"

"பாய்! உடைச்சுண்டு வாங்கோ! என்னால எழுந்துக்க முடியாது!"

"என்னம்மா?"

"உடைங்கோ பாய்!"

கதவு அதிர்ந்தது. மறுபடி அதிர்ந்தது. தாழ்ப்பாள் பிய்ந்து விழும் ஓசை. ஈரச் செருப்புகள் ஓடிவந்தன, முதல் அறை, இரண்டாம் அறை, நடை. மைத்ரேயி திரும்பவில்லை. வட்டத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வந்துவிட்டார். நாலு பேர் வந்திருப்பார்கள். தூக்கிவிடலாம். இதோ தூக்கிவிடலாம்.

நிஜாமுதீன் பாய் கூடத்து வாசலில் நின்றார். டார்ச் கண்ணைக் கூசவைத்த இருட்டில் அவர் கண்டது, படுத்த படுக்கையாகக் கிடக்கும் தம்பியை நோக்கி அக்கா நீட்டிய துப்பாக்கி.

"என்ன காரியம் பண்றீங்க!"

பாய்ந்து வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்து மேலே தள்ளினார். நாற்காலி சாய்ந்தது. துப்பாக்கி தரையில் மோதி உருண்டது.

"வேண்டாம் பாய், விடுங்கோ, நான் பார்க்கணும், பார்க்கணும்..."

டார்ச் அணைந்தது.

இருட்டு. மழை. பாயின் மூச்சு அவள் காதருகே. கட்டில் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. பிரஹலாத் அழவும் இல்லை.

"பிரஹலாத்?"

அவள் பாயின் பிடியிலிருந்து கையை இழுத்துப் பார்த்தாள்.

"பிரஹலாத்!"

ஒரு ஸ்பிரிங் கிரீச்சிட்டது. வெறுங்கால் ஒன்று தரையில் பதிந்தது. இன்னொன்று.

கரண்ட் வந்தது. ட்யூப்லைட் மினுக்கி மினுக்கி எரிந்தது.

பிரஹலாத் கட்டிலருகே நின்றுகொண்டிருந்தான்.

"யா அல்லாஹ்," என்றார் பாய். அவள் கையை விட்டுவிட்டு அவனை நோக்கிப் போனார். அவர் கன்னத்தில் மழைத் தண்ணீரோடு கண்ணீரும் ஓடியது. "தம்பி எழுந்துட்டாரும்மா. பாருங்க. எழுந்து நிக்கிறாரு." விழுந்துவிடுவானோ என்று இரண்டு கையாலும் அவன் தோளைத் தாங்கினார். அவன் விழவில்லை.

"பயந்துட்டியாக்கா?" என்றான் பிரஹலாத். அதே குரல். அதே சிரிப்பு. "எனக்கு ஒண்ணுமில்லை. நிக்கறது ஒண்ணும் கஷ்டமாவே இல்லை."

மைத்ரேயிக்கு அழுகை வந்தது. கைகூப்பிவிட்டாள். ரங்கா, ரங்கா என்று வாய் முணுமுணுத்தது. அந்த ஒரு கணம் எல்லாவற்றையும் நம்பினாள். மருந்து, மழை, இருட்டு, சித்தப்பாவின் கிறுக்கு. தம்பி நிற்கிறான். அவனுக்குப் பின்னால் கட்டில் காலியாக இருக்கிறது. போர்வை சுருண்டிருக்கிறது. தலையணையில் தலை பதிந்த குழி.

அந்தக் குழி ஆழமாகவே இருந்தது. தலை எழுந்துவிட்டால் பஞ்சு மெல்ல மேலே வர வேண்டும். வரவில்லை.

பிரஹலாத் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். கழுத்தை இடப்பக்கம் சாய்த்து.

அவள் தரையில் தடவினாள். வெப்ளி விரலில் பட்டது. விழுந்ததில் மூடவில்லை, ஒடிந்து திறந்தபடியே கிடந்தது. எடுத்தாள். கண்ணில் வைத்தாள். கட்டிலை நோக்கினாள்.

வட்டத்துக்குள் பிரஹலாத் படுத்திருந்தான்.

தலையணைக் குழியில் அவன் தலை. கையில் போன். டார்ச் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அவளை நோக்கியே பிடித்திருந்தான், சொன்னபடி, இறக்காமல். அவன் வாய் திறந்து திறந்து மூடியது. மற்றொரு கையால் கட்டிலின் இரும்புக் கம்பியை ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டிருந்தான்.

கூடத்தில் மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

"போதும்கா பார்த்தது," என்றது தம்பியின் குரல், மிக அருகில். "குடு."

அவள் இமைக்கவில்லை. பட்டாணி அளவு வெளிச்சத்துக்குள் அவள் தம்பி அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். பிறகு, குழலின் மறுகோடியை ஓர் உள்ளங்கை மெல்ல மூடியது.